வலது காலி

என் கணவர் பிள்ளையாரை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அன்று சங்கடஹர சதுர்த்தி. பீளமேட்டில் எங்கள் தெருமுனைக் கோயிலில் எள் போட்டால் எள் விழாது. ஊரே வலம் வந்துகொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் எதிர்த்திசையில் வருகிறார். அதுவும் சும்மா வரவில்லை, ஒரு கணக்கோடு வருகிறார். நேரான பகுதியில் வெளிச்சுவரை ஒட்டி வேகம் பிடிப்பது, மூலை வந்ததும் உள்ளே இறங்கித் திரும்புவது, மறுபடி வெளிச்சுவர். இடப்பக்கம் வந்தவர்களை மயிரிழையில் விலகிப் போனார். வலப்பக்கம் வந்தவர்களை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார். அர்ச்சனைத் தட்டோடு வந்த ஓர் அம்மாளின் தேங்காய் வாசல்வரை உருண்டது.

“தம்பி, அப்பிரதட்சிணமா வர்றீங்களே!” என்றார் குருக்கள்.

சிபி நின்றார். “எப்பவும் இப்படித்தானுங்களே சுத்துவோம்?”

அவர் முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டார். கோயிலே சிரித்தது. நானும் சிரித்தேன். “மாமா, இக்கட்டால வாங்க. உங்க ரேஸை வீட்டுல வெச்சுக்கலாம்” என்று கையைப் பிடித்துத் திருப்பி இழுத்துப் போனேன்.

ரேஸ் என்று நான் சொன்னது வீடியோ கேமை. சிபிச்சக்கரவர்த்தி பகலில் ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிற இன்ஜினீயர். மாலையில் ‘கிராண்ட் ஓவல்’ என்ற கேமில் ஸ்டாக் கார் ஓட்டுகிறவர். ஸ்டாக் கார் என்றால் தரையோடு தரையாகத் தட்டையாக ஓடும் கார் இல்லை. வெளியே பார்க்க நம் தெருவில் நிற்கிற கார் மாதிரியேதான் இருக்கும். உள்ளே எழுநூறு குதிரை. நாற்பது கார்கள் முட்டை வடிவப் பாதையில் மணிக்கு முந்நூறு கிலோமீட்டரில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி வரவேண்டும். எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்.

“இதுல என்னங்க மாமா இருக்குது? செக்குமாடு பண்றதுதானே?” என்று முதல்நாள் கேட்டேன்.

“சித்தே உக்காந்து பாரு அம்மிணி” என்றார். உட்கார்ந்தேன். நாலு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

அந்த கேமில் ‘கரியர்’ என்று ஒன்று உண்டு. முதலில் எவனோ கழித்துப்போட்ட வண்டியில் மண் பாதையில் ஓட்ட வேண்டும். ஜெயித்தால் சின்னத் தார்ப்பாதை, அப்புறம் டிரக், அப்புறம் இரண்டாம் வரிசை. ஒவ்வொரு படியிலும் லட்சக்கணக்கில் ஆட்கள் உதிர்ந்துபோவார்கள். உச்சியில் நாற்பதே நாற்பது இடம், உலகம் முழுமைக்கும் சேர்த்து. அந்த உச்சிக்குப் பெயர் கிரவுன்.

இந்த கேமை மற்ற கேம்களிலிருந்து பிரித்தது ஒரு பட்டை. நெற்றியைச் சுற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். பத்து வருஷம் பழகினால் கைக்கு வருகிற வித்தையை அது பத்து மாதத்தில் மூளையில் படியவைத்துவிடும். எப்படி என்று நான் அப்போது கேட்கவில்லை. கணக்கு டீச்சர் புத்தி எனக்கு. படிந்தால் நல்லதுதானே?

நான் உள்ளே வந்தது ஸ்பாட்டராக. ஸ்டாக் காரில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பார். தலையைத் திருப்ப முடியாதபடி வாரால் இறுக்கியிருப்பார்கள். தன் வலப்பக்கம் யார் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதற்காக மைதானக் கூரைமேல் ஸ்பாட்டர் என்று ஒருவர் நின்றுகொண்டு ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். கேமிலும் அதே ஏற்பாடுதான். கம்ப்யூட்டர் குரல் ஒன்று உண்டு, ஆனால் அது மூக்கால் பேசும் ஆங்கிலம். “இதுக்கு நீயே சொல்லலாம்” என்றார் சிபி.

கரும்பலகையில் எழுதிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகளில் எவன் எவளைக் கிள்ளுகிறான் என்று சொல்லக்கூடியவள் நான். நாற்பது கார் எனக்கு எம்மாத்திரம்? சிபியின் வலப்பக்கம் ஒரு நாற்காலி போட்டேன். என் திரையில் மைதானம் முழுவதும் மேலிருந்து தெரியும். எங்களுக்கென்று ஒரு பாஷை உண்டானது. பக்கத்தில் ஒருவன் சரிசமமாக வந்தால் ‘கதவுல’. பின்தங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் ‘பம்பர்ல’. யாரும் இல்லையென்றால் ‘வலது காலி’. அந்தச் சொல்லைக் கேட்டதும் சிபி யோசிக்காமல் வண்டியை வலப்பக்கம் ஏற்றுவார்.

கோயமுத்தூர்க்காரிக்கு ‘ங்க’ இல்லாமல் புருஷனிடம் பேச வராது. ஆனால் ஒரு ‘ங்க’ சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஐம்பது அடி போய்விடும். அதனால் ரேஸில் மட்டும் வா, போ, இரு, விடாதே. ஒருநாள் என் மாமியார் கதவைத் திறந்தபோது நான், “போடா போடா போடா, இப்ப ஏறு!” என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் டம்ளரோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

செக்குமாடு என்றேனே, அந்த வாயால்தான் இதையும் சொல்கிறேன். பெரிய பாதையில் முதல்முறை அவர் இறங்கிய மாலையை நான் மறக்கமாட்டேன். திருப்பத்தில் தரையே சுவர் மாதிரி எழுந்து நின்றது. அந்தச் சுவர்மேல் நாற்பது கார்கள் ஒரே உடம்பாகப் படுத்துப் பாய்ந்தன. ஒன்றின் காற்று இன்னொன்றை இழுத்தது. ஒரு கை நடுங்கினால் நாற்பதும் சிதறும். அப்படியோர் இடுக்கில் என் கணவர், நான் சொன்ன ஒரு சொல்லை நம்பி, கண்ணால் பார்க்காத இடத்துக்குள் வண்டியை நுழைத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு நம்பிக்கையை எந்தக் கல்யாண மந்திரமும் எனக்குத் தந்ததில்லை.

கோயில் சம்பவத்துக்கு முந்தின வாரம், இடுப்பு வரை இருந்த என் முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். வகுப்பு ‘ஓ’வென்று கத்தியது. மாமியார் இரண்டு நாள் பேசவில்லை. சிபி ஒன்றுமே சொல்லவில்லை. கணவன் மனைவியைக் கவனிக்காததை வியாதி என்று எந்த ஊரில் சொல்வார்கள்? நானும் சொல்லவில்லை.

பொள்ளாச்சியில் நாத்தனார் காந்திமதியின் மகள் கல்யாணம். பந்தியில் சிபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் எதிரே வந்து நின்றார்.

“ஏன்டா சிபி, பாயசத்தத் தொடவே இல்ல? என்ற வீட்டுப் பாயசம் அவ்வளவு மட்டமா?”

“பாயசம் இன்னும் வரலீங்கக்கா.”

இலையைப் பார்த்தேன். இடது பாதி துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வலது பாதியில் வைத்தது வைத்தபடி: பாயசம், வாழைக்காய் வறுவல், வடை, பாதிச் சோறு. நடுவில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல ஓர் எல்லை. நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது.

பழக்கதோஷத்தில் என் வாய் திறந்தது. “வலது பக்கம். வறுவலுக்குக் கீழ, பாயசம்.”

“அட, ஆமா!” என்றார் சிபி. “எப்ப வெச்சாங்க?” சந்தோஷமாக வழித்துச் சாப்பிட்டார். வடையைத் தொடவில்லை. நான் வடையைச் சொல்லவில்லை.

என் கையில் எடுத்த கவளம் இலைக்கே திரும்பியது. “வலது பக்கம் வடை” என்றேன் மெதுவாக. வடையை எடுத்துக்கொண்டார்.

அவிநாசி ரோட்டில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். டாக்டர் ஜெசிந்தா, நாகர்கோவில்காரர். ஒரு டிரேயில் ஏழெட்டுப் பொருள்களைப் பரப்பி, என்னென்ன இருக்கிறது என்று சிபியிடம் கேட்டார்.

“சாவி, பேனா, சீப்பு. அவ்வளவுதானுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். “நீங்க சொல்லுங்க.”

“வலது பக்கம் ஸ்டெதஸ்கோப்” என்றேன்.

“ஆமாங்க, ஸ்டெதஸ்கோப்பு. குழாயில ஒரு எடத்துல பிளாஸ்திரி சுத்தியிருக்குது.”

பிளாஸ்திரியை நான் சொல்லவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. டாக்டர் எடுத்துப் பார்த்தார். சுற்றியிருந்தது.

“வலது பக்கம் ஒரு பூனை” என்றேன், ஏதோ தோன்றி.

சிபி தேடினார். “பூனை எங்கீங்க? இல்லியே.”

அப்படியென்றால் என்னால் இல்லாததை உண்டாக்க முடியாது. இருப்பதைத் திறக்க மட்டும் முடியும். நான் திறக்காதது எல்லாம் பூட்டிக் கிடக்கும். என் வாயைப் பற்றி என் பிறந்தவீட்டில் எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு பதவி அதற்குக் கிடைக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

“கண்ணுல ஒண்ணுமில்ல, நரம்பு அறுந்தும் போகல” என்றார் டாக்டர். “மூளை ஒரு கஞ்சப்பிசினாறி. ஒரு வேலைய வேற யாராவது ஒழுங்கா செஞ்சா, அந்த இடத்த வேற எதுக்காவது எடுத்துக்கும். வழக்கமா இதுக்கெல்லாம் ஆயுசு பத்தாது. அந்தப் பட்டை அத வேகப்படுத்திடுச்சு. நாலு வருஷமா இவருக்கு எல்லாத் திருப்பமும் இடது. வலது பக்கத்த நீங்க சொல்லிட்டே இருந்தீங்க. வலது பாதி உலகத்த இவரு மூளை உங்ககிட்ட ஒப்படைச்சிட்டு, கிடைச்ச இடத்துல ரேஸ் ஓட்டுது. அதான் அவ்வளவு நல்லா ஓட்டுறாரு.”

“நான் பேசாம இருந்தா?”

“அதான் மருந்து. ஆனா பேசாம மட்டும் இருந்தா போதாது. திருப்பூர்ல ஒருத்தர், ஐ.டி. கம்பெனில வேலை. இதே கேம், கம்ப்யூட்டர் குரல் வச்சு ஓட்டுனவரு. வீட்டுல அவருக்கு வலதச் சொல்ல ஆளில்ல. நம்ம ஊர்ல ரோட்டத் தாண்டுறப்ப வண்டி முதல்ல எந்தப் பக்கம் வரும்?”

வலது. அவருக்கு என்ன ஆனது என்று நான் கேட்கவில்லை.

“கேம் கம்பெனிக்கு எழுதினேன். விளையாடுறவங்க சம்மதிச்சுத்தான் பட்டை போடுறாங்கன்னு பதில் வந்துச்சு.” டாக்டர் பேனாவை மூடினார். பிறகு சும்மா கேட்பதுபோல் சிபியிடம், “உங்க மிஸஸுக்கு முடி எவ்வளவு நீளம்?” என்றார்.

“வினோதினிக்குங்களா? இடுப்பு வரைக்கும்” என்றார் சிபி, கொஞ்சம் பெருமையாக.

கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனேன். வெட்டின முனை குத்தியது.

சிபியை வெளியே உட்காரவைத்த பிறகு டாக்டர் சொன்னார். “உங்க குரல் வலதுன்னு பதிஞ்சு போச்சு. நீங்க இடப்பக்கம் வந்து நின்னாலும் அவரு உங்களப் பாக்கறதில்ல. ஞாபகத்துல இருக்கற பழைய போட்டோவ எடுத்து ஒட்டிக்கறாரு.”

கேமில் வலப்பக்க நாற்காலி என்னுடையது. கட்டிலில் வலப்பக்கம் நான். நாலு வருஷமாக அவருக்கு எல்லோரையும் சொல்லியிருக்கிறேன், என்னைத் தவிர. ஸ்பாட்டர் தன்னைச் சொல்வதில்லை.

“ஒரு வார்த்தைதானே? வலது பக்கம் நான் இருக்கேன்னு சொன்னா பாத்துடுவாரே?”

“பாப்பாரு. மறுபடி சொல்ற வரைக்கும் மறந்துடுவாரு. ஒவ்வொரு தடவ சொல்றதும் இன்னொரு பூட்டு. அவரா பாக்கணும்.” கொஞ்சம் நிறுத்தி, “மேல ஏதோ லெவல் இருக்காமே? அதுல சேந்தா தினம் ஆறு மணி நேரம் பட்டை போடச் சொல்வாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட வராதீங்க. சிமெண்டு காஞ்ச பிறகு நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

வீட்டுக்கு வந்ததும் சிபியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் முடியைத் தவிர. அவர் வெகுநேரம் தன் வலது கையைத் தடவிக்கொண்டிருந்தார். அது அங்கே இருக்கிறதா என்று பார்ப்பவர் மாதிரி இருந்தது.

“ஞாயித்துக்கிழமை ரேஸ் ஒண்ணுதான் பாக்கி” என்றார் கடைசியில். “ஜெயிச்சா கிரவுன். இத்தன கோடிப் பேர்ல நாப்பது பேர், வினோ. இது மாதிரி உச்சி என்ற வாழ்க்கைல இன்னொண்ணு வராது.”

“டாக்டர் சொன்னது காதுல விழுந்துதுங்களா?”

“விழுந்துது. பயமாத்தான் இருக்குது. உள்ள போகமாட்டேன். எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். அந்த ஒரு சுத்து மட்டும் ஓட்டணும்.”

“எந்தச் சுத்து?”

“சொல்லலியா உனக்கு? மேல வந்தவனுக்கு ஒரு வழக்கம் வெச்சிருக்காங்க. ரேஸ் பூரா சனங்க வலப்பக்கம், ஓட்டறவன் இடப்பக்கம். அவங்க பாக்கறதெல்லாம் காலி ஜன்னலைத்தான். அதனால ஜெயிச்சவன் வண்டியத் திருப்பி, எதிர்ப்பக்கமா ஒரு சுத்து வருவான். மூஞ்சியக் காட்ட. மத்த நேரம் அப்படித் திருப்புனா கேம் வண்டிய நிறுத்திப்போடும். மேல வந்தவனுக்கு மட்டும், ஒரே ஒரு தடவ.”

எதிர்ப்பக்கமாக. இடப்பக்கத் திருப்பம் எல்லாம் வலப்பக்கத் திருப்பமாக. ஊரெல்லாம் பிள்ளையாரைச் சுற்றுவதுபோல.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டருக்குப் போன் செய்தேன். “அந்தப் பட்டைக்கு இடது வலது தெரியுமாங்க டாக்டர்?”

“தெரியாது. அவரு செய்யறத அது பதிய வைக்கும். அவ்வளவுதான்.”

“ரொம்ப சந்தோஷமா இருக்கறப்ப செஞ்சா?”

“இன்னும் ஆழமாப் பதியும்” என்றார். பிறகு, “என்ன செய்யப் போறீங்க?” என்றார்.

“ஒண்ணும் செய்யாம இருக்கப்போறனுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு ரேஸ். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. சிபி பட்டையைக் கட்டினார். நான் வலப்பக்க நாற்காலியில் மைக்கைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வேண்டிக்கொள்வதற்குக்கூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அவர் ஜெயிக்காவிட்டால் அந்த ஒரு சுற்று கிடையாது. ஜெயித்துவிட்டால் கிரவுன் அவரை விழுங்கிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுற்று அகலத்துக்கு எனக்கு இடம் இருந்தது.

நானூறு கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி எனக்கு நினைவில்லை, என் தொண்டைக்குத்தான் நினைவிருக்கும். பதினாலாம் இடத்தில் புறப்பட்டவர் பாதி ரேஸில் ஆறாம் இடம். எங்களுக்கு முன்னால் மூன்று கார்கள் ஒன்றில் ஒன்று மோதிப் புகையாக வெடித்தன. “உள்ள இறங்கு, இறங்கு, நேராப் போ!” என்றேன். ஒன்றுமே தெரியாத அந்தப் புகைக்குள் முழு வேகத்தில் போனார். மறுபக்கம் ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தார். எனக்குக் கும்பிடத் தோன்றியது. யாரை என்று தெரியவில்லை.

கடைசிச் சுற்றில் இரண்டே கார்கள். பிரேசில்காரன் பெரெய்ரா வலப்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தான். சிபிக்கு அவன் கிடையாது. என் சொல்லில் மட்டும்தான் அவன் இருந்தான்.

“கதவுல” என்றேன். “இன்னும் கதவுல. கதவுல. இரு. அவசரப்படாத. பாதிக் கதவு. பம்பர்ல. பம்பர்ல…”

திருப்பம் முடிந்து கோடு தெரிந்தது. ஒரு கை அகலம் இடைவெளி விழுந்தது.

“வலது காலி! ஏறு!”

ஏறினார். பெரெய்ராவின் மூக்குக்கு முன்னால் கதவைச் சாத்துவதுபோல் வண்டி குறுக்கே ஏறியது. கோடு எங்களுக்குக் கீழே போனது. அரை வண்டி வித்தியாசம்.

திரை வெள்ளையாகிப் பிறகு பொன்னிறமாக விரிந்தது. நாலு வருஷமாக நாங்கள் பார்த்திராத மைதானம். வானம் வரைக்கும் அடுக்கடுக்காக மனிதர்கள், அத்தனை பேர் கையிலும் ஒவ்வொரு விளக்கு. சிபியின் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்தார்கள். எல்லாம் கணக்குப் போட்டு வரைந்த பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கண் நிறைந்துவிட்டது. செக்குமாடு, செக்குமாடு என்று என்னையே நொந்துகொண்டேன்.

“வினோ, பாரு! பாத்தியா!” சிபி அழுதுகொண்டிருந்தார். முகம் இடப்பக்கம் திரும்பியிருந்தது. வண்டியை ஒரு சுழற்று சுழற்றி எதிர்த்திசையில் நிறுத்தினார்.

நான் மைக்கைக் கழற்றி மடியில் வைத்தேன்.

வண்டி நேர்ப்பாதையில் மெல்ல ஓடியது. விளக்குக் கூட்டம் இப்போது அவருக்கு இடப்பக்கம், முகத்துக்கு நேரே. கையை ஆட்டினார். பிறகு திருப்பம் வந்தது, வலப்பக்கமாக. வண்டி திரும்பவில்லை. நேரே போய் வெளிச்சுவரில் உரசி நின்றது.

“வினோ? பாதை முடிஞ்சு போச்சு. சுவருதான் இருக்குது.”

பாதை அகலமாக, காலியாக, அவருக்கு வலப்பக்கம் வளைந்து போய்க்கொண்டிருந்தது.

“வினோ, இருக்கியா? ஏதாச்சும் சொல்லு.”

உதட்டைக் கடித்துக்கொண்டேன். வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரே ஒரு சொல்லுக்குப் பாதை அவருக்குத் திறந்துவிடும். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் நின்று துடித்தது. நான் வண்டியைப் பார்க்கவில்லை, அவருடைய கழுத்தைப் பார்த்தேன். ஒரு நரம்பு புடைத்தது. தலை வலப்பக்கம் ஒரு விரற்கடை வந்து, பயந்து, திரும்பிப் போனது. நெற்றிப் பட்டைக்குக் கீழே வியர்வை வழிந்தது. மறுபடியும் வந்தது.

“புல்லு” என்றார்.

மைக்கை மடியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

“புல்லு இருக்குது. அப்பறம் ஒரு வெள்ளைக் கோடு. கோடு அக்கட்டால போகுது, வளைஞ்சு போகுது… பாதை இருக்குது வினோ!”

ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பியது. நடக்கிற வேகத்தில் வண்டி திருப்பத்துக்குள் நுழைந்தது. சிபி சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சொல்கிறாரா, தனக்கா, தெரியவில்லை. “வலது பக்கம் டயர் மாத்தற எடம். வலது பக்கம் ஆம்புலன்ஸ். ஒருத்தன் தொப்பியக் கழட்டறான். கொடிக்கம்பம், ரெண்டு, மூணு…” நாலு வருஷம் நான் பார்த்த வேலையை அவர் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைவிட நிதானமாக. உலகத்தின் பாதி, ஒவ்வொரு சாமானாக, அதன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தது. நான் பார்த்த அதிசயம் அதுதான். மைதானமும் விளக்குகளும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

கோட்டைத் தாண்டி வண்டி நின்றது. அவர் நிற்கவில்லை.

“திரையோட ஓரம்” என்றார். “வலது பக்கம் ஜன்னல். ஜன்னல்ல உங்கம்மா குடுத்த துளசி. வாடிப் போச்சே. மேசை. டம்ளர். மைக்கு.” குரல் இறங்கியது. “ஒரு கை இருக்குது.”

கையிலிருந்து மெதுவாக மேலே வந்தார். முழங்கை, தோள், கழுத்து. அங்கே வெகுநேரம் நின்றார். பிறகு முகத்துக்கு வந்தார்.

“முடி எப்ப வெட்டுன?”

“ஆவணியில” என்றேன் ஒருவழியாக.

“சொல்லவே இல்ல?”

“நான் சொல்லாம நீங்களே பாக்கோணும்னுதான்.”

திரையில் மணி அடித்தது. பொன் எழுத்தில் ஒரு கேள்வி மின்னியது, கிரவுனில் சேரச் சம்மதமா என்று. கீழே எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அவர் முகம் என் பக்கம் இருந்ததால் திரை இப்போது அவருக்கு இடப்பக்கம். பார்த்ததைச் சொல்வது ஸ்பாட்டரின் வேலை. அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

“இடது பக்கம் கூப்பிடறாங்க, மாமா. பாருங்க. நேரம் போகுதுங்க.”

சிபி பட்டையைக் கழற்றினார். கழுத்தோரம் வெட்டிய முனையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இடது காலி” என்றார்.